இரண்டாகத் தெரிபவை

ஜனவரி 4

வால்பாறைக்கு இரண்டு நடை பஸ் ஓட்டினேன். போகும்போது இருபத்து மூன்றாம் வளைவிலிருந்து பனி, வரும்போது நல்ல வெயில். நாலரைக்கு வீடு சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டுக் குளித்தேன்.

எட்டரைக்கு மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினேன். புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் வடக்கே இருப்பது காஸ்டர். வெறுங்கண்ணுக்கு அது ஒன்று. நூற்றைம்பது மடங்கு பெரிதாக்கினால் இரண்டாகிவிடும், நடுவில் இழை போல ஒரு கறுப்பு. ஒன்றை ஒன்று சுற்றிவர நானூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

எங்கள் வீடு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில். இந்த விளக்கு வெளிச்சத்தில் பால்வீதி எல்லாம் தெரியாது. இரட்டை நட்சத்திரங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தெருவிளக்கு எரிந்தாலும், பக்கத்து வீட்டில் கல்யாணமே நடந்தாலும் அவை பிரிந்து காட்டும். அதனால் நான் அவற்றோடு நின்றுவிட்டேன்.

ரங்கநாயகி கொண்டைக்கடலை கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏனுங்க, அது ரெண்டுன்னு தெரிஞ்சு போச்சுல்லங்க. மறுக்கா மறுக்கா எதுக்குப் பாக்கறீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் புள்ள பாக்கறேன்."

"என்னைக் கட்டி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. என்னைய இப்புடிப் பாத்ததில்லையே" என்றாள். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

ஜனவரி 9

இடது கண்ணுக்குப் பின்னால் வலி. தூக்கம் போதவில்லை. சர்க்கரை மாத்திரை போன வாரமே தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜனவரி 14

போகி. பழைய பாயையும் கிழிந்த துணிகளையும் வெளியே எடுத்துப் போட்டோம். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது.

மாலை ஆறே முக்காலுக்கு மேற்கே மூன்றாம் நாள் பிறை. பக்கத்தில் இன்னொரு பிறை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. ஒரு கண்ணை மூடினால் ஒன்று. கண்ணாடி சரியில்லை, மாற்ற வேண்டும்.

தொலைநோக்கியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதில் ஒரு கண்ணால்தானே பார்க்கிறோம். காஸ்டர் இரண்டு, பக்கத்து நட்சத்திரம் ஒன்று. எப்போதும்போல.

ஜனவரி 16

ஆனைமலையில் மச்சான் வீட்டுக்குப் போனோம். வண்டியை எடுங்களேன் என்றாள் ரங்கநாயகி. பெட்ரோல் இல்லை என்று சொல்லி டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பெட்ரோல் இருந்தது.

ஜனவரி 18

கவனித்ததை எழுதி வைக்கிறேன். வலப்பக்கம் பார்த்தால் ஒன்று. நேராகப் பார்த்தால் ஒட்டினாற்போல் இரண்டு. இடப்பக்கம் பார்த்தால் நன்றாகப் பிரிகிறது. பக்கத்தில் உள்ள எதுவும் இரண்டாகத் தெரிவதில்லை. எழுத, படிக்க, சாப்பிடத் தொந்தரவு இல்லை. தூரத்தில் இருப்பதுதான்.

முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. கண்டக்டர் காஜா மைதீன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணா, கழுத்து சுளுக்கா?"

"ஆமாப்பா. பரணுக்கு ஏறுனதுல."

வலப்பக்க வளைவுகளில் பிரச்சினையே இல்லை. இடப்பக்க வளைவுகளில் மட்டும் மெதுவாகப் போக வேண்டும். இருபத்தேழு வருஷமாக ஓட்டும் பாதை. சமாளித்துவிடலாம்.

ஜனவரி 22

காலை முதல் நடை. ஒன்பதாம் வளைவில் வரையாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக் போட்டேன். பஸ் இடப்பக்கக் கட்டைச் சுவரில் உரசி நின்றது. விளக்கு ஒன்று உடைந்தது. முன் இருக்கையில் இருந்த ஸ்டெல்லா டீச்சருக்கு நெற்றியில் அடி, வீங்கிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. வரையாடு குறுக்கே வந்தது என்று டிப்போவில் காஜாவும் சொன்னான். மேனேஜர் எழுதிக்கொண்டார். இருபத்தேழு வருஷத்தில் இது முதல் தடவை.

டீச்சர் ஒன்பது வருஷமாக என் பஸ்ஸில் வால்பாறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவர்.

ஜனவரி 23

வார ஓய்வு. வானம் சுத்தம். மேலே போகவில்லை.

ஜனவரி 24

சாயங்காலம் ரங்கநாயகி மொட்டை மாடிக்கு வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. இடப்பக்கம் தெருமுனையில் இருக்கும் விளக்கைக் காட்டினாள்.

"அது எத்தனைங்க?"

"என்ன கேள்வி இது?"

"சும்மா சொல்லுங்க. எத்தனை?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். எது நிஜ விளக்கு என்று எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. "ரெண்டு" என்றேன்.

அவள் தொட்டி மேட்டில் உட்கார்ந்தாள். பொங்கலிலிருந்தே தெரியும் என்றாள். கோயிலில் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டதையும், எதிர்வீட்டுக்காரர் தெருமுனையில் வரும்போது அவருக்கு ஒரு சாண் தள்ளி வணக்கம் போட்டதையும் சொன்னாள். நேற்று மத்தியானம் காஜா வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறாள்.

"வரையாடே இல்லைன்னு அந்தத் தம்பி அழுதுட்டாருங்க."

வரையாடு இல்லை. அன்று மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. எனக்கு இரண்டு ஜீப் தெரிந்தது. ஒன்றுக்கு வழிவிட்டு வலப்பக்கம் ஒடித்தேன், தவறு தெரிந்து இடப்பக்கம் இழுத்ததில்தான் சுவரில் உரசியது. நான் வழிவிட்டது இல்லாத ஜீப்புக்கு. அந்த ஜீப்காரன் கெட்டிக்காரன், சரேலென்று ஒடித்துவிட்டான். இல்லாவிட்டால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். என் பின்னால் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள்.

இதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

"நாளைக்கு அந்த பஸ்ஸுல நான் ஒக்காந்திருந்தா ஓட்டுவீங்ளா?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட வாங்க, தோசை ஊத்தறேன்" என்று எழுந்து போனாள்.

ஜனவரி 25

காலையில் பஸ்ஸை எடுக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வரையாடு கதை என்னுடையது, காஜாவை நான்தான் சொல்லச் சொன்னேன் என்றேன். அது உண்மையில்லை, அவனாகவே சொன்னது. இந்த ஒரு பொய்யை வைத்துக்கொள்கிறேன்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"பன்னெண்டு நாளுங்க சார்."

"பன்னெண்டு நாள், நாளுக்கு ரெண்டு நடை" என்று அவராகச் சொல்லிக்கொண்டார். மெமோ வரும் என்றார். பஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 27

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் இளவயதுப் பெண். பேனாவை இடமும் வலமும் நகர்த்திப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்குப் போகிற நரம்பு வேலை செய்யவில்லையாம். காரணம் சர்க்கரை. முந்நூற்றிருபது இருந்தது.

"சரியாகுமாம்மா?"

"நெறைய பேருக்கு மூணு மாசத்துல தானா திரும்பிடும். சிலருக்கு முழுசா திரும்பாது. சர்க்கரைய அடக்குங்க, காத்திருங்க. வேற வழியில்ல."

மாத்திரை எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ரங்கநாயகி, "இருபத்து மூணு நாளுங்க" என்றாள். எண்ணி வைத்திருக்கிறாள்.

கண்ணாடியின் இடது வில்லையில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள்.

ஜனவரி 30

ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு இருவரும் போனோம். ரங்கநாயகி ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள். நெற்றியில் இன்னும் பச்சை நிறம் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஆரஞ்சுப் பையைத் தொடவில்லை.

"கிட்டுசாமி அண்ணா, அந்த நாப்பது வளைவும் நான் தூங்கிக்கிட்டுத்தான் வருவேன். பக்கத்துல இருக்கறவங்க பயப்படுவாங்க. நீங்க ஓட்டறீங்கன்னு நான் தூங்குவேன்." சற்று நிறுத்தினார். "இனிமே யார் ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது."

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 2

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. என் பஸ் கிளம்பும் சத்தம் இங்கே கேட்கும். கியர் மாற்றும் விதத்திலேயே வேறு ஆள் என்று தெரிகிறது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். ரங்கநாயகி என் முதுகில் கையை வைத்தாள்.

பிப்ரவரி 7

காலையில் ரங்கநாயகி காம்பவுண்ட் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். எதிரே இருபதடியில் முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். கண்ணாடியில் இருந்த பிளாஸ்டரைப் பிய்த்தாள்.

"எத்தனை ஆணிங்க?"

"ரெண்டு."

"ரெண்டாவது எங்க இருக்குன்னு சொல்லுங்க." சாக்பீஸைச் சுவரில் வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். "இங்கயா? இன்னும் அக்கட்டாலயா?"

"நிறுத்து. அங்கதான்."

ஆணிக்கும் சாக்பீஸுக்கும் நடுவே சாண் போட்டு அளந்தாள். மூன்றரைச் சாண். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். என் பழைய நட்சத்திர நோட்டில் நான் எப்படிக் கட்டம் போட்டிருக்கிறேனோ அப்படியே போட்டிருந்தாள். பெயர், தேதி, வானிலை, இடைவெளி. பெயர் என்ற இடத்தில் 'இவங்க' என்று எழுதியிருந்தாள்.

"வாரம் ஒரு தடவை அளக்கோணும். கொறையுதான்னு பாக்கோணுமில்லங்க" என்றாள்.

பிப்ரவரி 14

மூன்றரைச் சாண். மாற்றமில்லை. சர்க்கரை இருநூற்றுப் பத்து. கேழ்வரகுக் களி.

பிப்ரவரி 17

நான் மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். இரட்டையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. இன்று ஏழரைக்கு மேலே உருட்டும் சத்தம் கேட்டது. ரங்கநாயகி தனியாகத் தொலைநோக்கியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள்.

"ஏனுங்க, சிவப்பா ஒண்ணு, பச்சையா ஒண்ணு, மினுமினுன்னு வருதுங்க" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கு. பச்சை, அதன் கீழே இருந்த ஆஸ்பத்திரிப் பலகை.

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்து முடித்தபின், "இவ்வளவு நேரம் தேடினதுக்கு நெசமாலுமே ஒண்ணைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் நாலு நட்சத்திரம் ஒரு சிறு சதுரமாக இருக்கும். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு குடும்பமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

பிப்ரவரி 28

மூன்று சாண். அரைச் சாண் குறைந்திருக்கிறது. இரண்டு முறை அளக்கச் சொன்னேன். மூன்றேதான். ரங்கநாயகி நோட்டை மூடிவைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் அரிகிறேன் என்றாள். இன்று ரசமும் அப்பளமும்தான்.

மார்ச் 9

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

சிரியஸ் வானத்திலேயே மிக வெளிச்சமான நட்சத்திரம். அதற்குத் துணையாகச் சின்னதாக ஒன்று உண்டு. பெரியதன் கூசும் ஒளியில் மறைந்து கிடக்கும். என்னுடையதைப் போன்ற ஆறு அங்குலக் கருவியில் அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். பதினொரு வருஷமாக ஒவ்வொரு மாசியிலும் முயன்றிருக்கிறேன். ஒரு தடவையும் கிடைத்ததில்லை. ரங்கநாயகியிடம் இதைப் பற்றிப் பேசியதும் இல்லை. தோற்றதை எதற்குச் சொல்வது.

ஆறே முக்கால். இருட்டு முழுதாக விழவில்லை. அப்போதுதான் சிரியஸின் கூச்சம் குறைவாக இருக்கும். காற்று அசையவே இல்லை. நான் வலது கண்ணால் அரைமணி நேரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளிடம் விட்டேன்.

"இது நகந்து போய்ட்டே இருக்குதுங்க."

"பூமி சுத்துது. போனா போகட்டும், திருப்பிப் பிடிச்சுக்கலாம். ஓரத்துக்குப் போறப்ப நல்லாப் பாரு."

துணை ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கண் இல்லாததையும் காணும். மூன்று முறை சிரியஸ் ஓரத்துக்குப் போய் மறைந்தது. மூன்றாம் முறை அவள், "அய்ய, இதென்னங்க" என்றாள்.

"என்ன?"

"பெருசு வெளிய போயிருச்சு. போனதுக்கப்புறம் பொட்டாட்ட ஒண்ணு நின்னுது. ஒரு நொடி. அதுவும் பின்னாலயே போயிருச்சு."

காகிதத்தைக் கொடுத்து வரையச் சொன்னேன். வட்டம் போட்டாள், சிரியஸ் நகர்ந்த திசைக்கு அம்பு போட்டாள், பொட்டை வைத்தாள். சிரியஸுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி. உள்ளே போய் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

பிறகு நான் முயன்றேன். மூன்று முறை, நாலு முறை. எனக்குத் தெரியவில்லை. எட்டு மணிக்குக் காற்று கலைந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினொரு வருஷம். அவளுக்கு மூன்று வாரம். அதைச் சொல்லியும்விட்டேன்.

"எனக்கு அது என்னன்னே தெரியாதுங்க. நீங்க சொன்னதுனால ஓரத்தைப் பாத்தேன்" என்றாள். "உங்க நோட்டுல எழுதிக்கங்க, நீங்களே பாத்த மாதிரி."

நோட்டில் எழுதினேன். 'சிரியஸ், துணையுடன். பார்த்தவர்: கி. ரங்கநாயகி.' படித்துப் பார்த்துவிட்டு இனிஷியல் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்தாள்.

மார்ச் 20

ஒன்றேகால் சாண். சர்க்கரை நூற்று நாற்பது. காஜா வந்தான். புது டிரைவர் நல்ல பையனாம், ஆனால் பேசமாட்டானாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வரையாடுன்னு சொல்லியிருக்கக் கூடாதுண்ணா" என்றான். நான்தான் உன்னைச் சொல்லவைத்தேன் என்றேன். முறைத்தான். டீ குடித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 3

நாலு விரல்.

ஏப்ரல் 12

ஆணி ஒன்று.

நேராகப் பார்த்தால் ஒன்றேதான். ரங்கநாயகி சுவரருகே சாக்பீஸோடு நின்றவள், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஒன்றுதான் புள்ள என்றேன். சாக்பீஸை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏப்ரல் 17

கோயம்புத்தூர். அதே டாக்டர். நேரே சரியாகிவிட்டது, ஆனால் இடப்பக்கக் கடைசியில் இன்னும் பிரிகிறது. அதுவும் சரியாகலாம், இப்படியே நிற்கவும் நிற்கலாம் என்றார். ஸ்கூட்டர் ஓட்டலாம். பயணிகள் வண்டிக்கு ஆறு மாசம் கழித்து மறுபடி வந்து காட்டினால் சான்றிதழ் தருவதைப் பற்றி யோசிக்கலாம்.

திரும்பி வரும்போது ரங்கநாயகி ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும் நானே சொன்னேன், "மலைக்கு இனி வேண்டாம் புள்ள."

"உங்களுக்கு வருத்தமா இருக்குமேங்க."

"இருக்கும்."

ஏப்ரல் 19

இனி பஸ் ஓட்டவில்லை என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, "ஆறு மாசம் பாக்கலாமே" என்றார். வேண்டாம் என்றேன். மெமோவுக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். அடுத்த திங்களிலிருந்து பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் அறையில் வேலை. பஸ் வரும் நேரம், போகும் நேரம் எழுத வேண்டும். அதுவும் நோட்டுதான்.

ஏப்ரல் 27, வால்பாறை

காஜாவின் தங்கை வீடு இங்கே. மாடியில் ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள், இருட்டு வானம் பார்க்கலாம் என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னி ராசியில் ஓர் இரட்டை உண்டு. இரண்டும் ஒரே வெளிச்சம். இது பெரிது, அது துணை என்று சொல்லவே முடியாது. சுமார் இருபது வருஷத்துக்கு முன்பு நெருங்கி நெருங்கி ஒன்றாகவே ஆகிவிட்டன, யாராலும் பிரிக்க முடியவில்லை. இப்போது மறுபடி விலகி வருகின்றன. அதை ரங்கநாயகிக்குக் காட்டலாம் என்று தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம்.

என் பஸ்ஸிலேயே ஏறினோம். காஜா சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தான். "பம்புசெட்டுக் குழாயாண்ணா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றாள் ரங்கநாயகி. ஸ்டெல்லா டீச்சர் முன் இருக்கையில் இருந்தார். தலையசைத்தார். கண் விழித்தேதான் வந்தார்.

இருபத்தேழு வருஷத்தில் இந்தப் பாதையில் நான் பயணியாக ஏறியதில்லை. ஆழியார் அணை கீழே இவ்வளவு நீலமாகக் கிடக்கும் என்று தெரியாது. ரோட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லையே.

ஆனால் பார்க்க முடியவில்லை. முதல் வளைவிலேயே என் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் அங்கே இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்தியது. புதுப் பையன் நன்றாகத்தான் ஓட்டினான், என்னைவிட நிதானமாக. ஒன்பதாம் வளைவு வந்தபோது இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டேன். நெற்றியெல்லாம் வியர்வை. பின்னால் இருந்தவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரங்கநாயகி என் முகத்தைப் பார்த்தாள், குனிந்து என் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். தன் இடது காலை எடுத்து என் வலது கால்மேல் வைத்தாள்.

"அந்தத் தம்பி பாத்துக்குவாருங்க. நீங்க அணையப் பாருங்க" என்றாள்.

நாற்பதாம் வளைவு தாண்டும்வரை காலை எடுக்கவில்லை. நான் அணையைப் பார்த்தேன்.

இப்போது மணி எட்டு. மேகம் இறங்கி வீட்டைச் சுற்றிவிட்டது. எதிர்வீடுகூடத் தெரியவில்லை. தொலைநோக்கியைச் சாக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ரங்கநாயகி தூங்கிவிட்டாள்.